தள்ளுகிற கை

அவளுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. பள்ளிச் சான்றிதழில் இருக்கிறது, லைசென்ஸில் இருக்கிறது, அதோடு சரி. மற்றபடி எல்லோருக்கும் அவள் சும்மாக்கா.

அந்தப் பெயர் அவள் வாயாலேயே வந்தது. பறக்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு அவள் எடுக்கும் முதல் பாடம், "ஒண்ணும் பண்ணாதீங்க, சும்மா இருங்க" என்பதுதான். பெரிய கனவோடு வந்து உட்கார்ந்தவனுக்கு இதைக் கேட்டால் எப்படி இருக்கும்? "சும்மா இருக்கறதுக்கு வீட்லயே இருந்திருப்பேனே" என்று முனகாத ஆளில்லை. ஆனால் மேலே போனபிறகு காற்று ஒரு தட்டுத் தட்டும். வண்டி ஊஞ்சல் மாதிரி மேலும் கீழும் ஆட ஆரம்பிக்கும். அடக்குகிறேன் பேர்வழி என்று இவர்கள் ஸ்டிக் என்கிற பிடிகம்பியை முன்னும் பின்னும் இழுக்க, ஆட்டம் இரண்டு மடங்காகும். அப்போது பின் சீட்டிலிருந்து குரல் வரும். "த்ராட்டிலக் குறைங்க, வேகம் போதும். கையை அசைக்காம வெச்சுக்கங்க. சும்மா இருங்க." சும்மா இருந்தால் வண்டி தானாக அடங்கிவிடும். கீழே இறங்கும்போது அவர்களுக்கும் அவள் சும்மாக்கா ஆகியிருப்பாள்.

வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அப்புறம் நடந்தது புரியாது. அதற்கு ஜைரோபிளேன் என்று பெயர், சுருக்கமாக ஜைரோ. மூன்று சக்கரம், முன்னும் பின்னுமாக இரண்டு சீட்டு. கதவும் இல்லை, கூரையும் இல்லை. தலைக்கு மேலே நீளமான விசிறி ஒன்று, முதுகுக்குப் பின்னால் என்ஜின், அதன் முனையில் இன்னொரு விசிறி. யாராவது அதை ஹெலிகாப்டர் என்றால் சும்மாக்காவுக்குக் கோபம் வரும். ஹெலிகாப்டரில் மேல் விசிறியை என்ஜின் சுழற்றுகிறது. இதிலோ கிளம்பும்போது மட்டும் என்ஜின் கொஞ்சம் கை கொடுக்கும், அதற்கப்புறம் ஓடுகிற பிள்ளையின் கையிலுள்ள காகிதக் காற்றாடி போல, பாய்கிற காற்றில் அது தானாகவே சுற்றும். என்ஜின் பின் விசிறியைச் சுழற்றி வண்டியை முன்னால் தள்ளுகிறது, அவ்வளவுதான். ஆகவே வானத்தில் என்ஜின் நின்று போனாலும் மேல் விசிறி நிற்காது. வண்டி இறங்க இறங்க, கீழிருந்து காற்று பாய்ந்து அதைச் சுழற்றிக்கொண்டே இருக்கும்.

இது அதன் தங்கமான குணம். பொல்லாத குணமும் ஒன்று உண்டு. ஸ்டிக்கை வெடுக்கென்று முன்னால் தள்ளினால், மேட்டிலிருந்து வேகமாக இறங்கும் பஸ்ஸில் வயிறு ஒரு கணம் மிதக்குமே, அப்படி வண்டியே மிதக்கும். அந்தக் கணத்தில் மேல் விசிறிக்குப் பாரம் இல்லை, காற்றும் இல்லை. வேகம் செத்துப்போன விசிறியை வானத்தில் வைத்து மறுபடி சுழற்ற யாராலும் ஆகாது. அதற்கு மேல் சொல்லவும் வேண்டாம்.

இந்தத் தொழிலுக்கு அவள் வந்த கதை ஒரு வேடிக்கை. அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவள். புருஷன் மெக்கானிக். எவரோ பறக்கத் தெரியாமல் கவிழ்த்துப்போட்ட ஜைரோ ஒன்றைக் கொண்டுவந்து, வருஷக்கணக்காக அதையே கட்டிக்கொண்டு அழுது, கடைசியில் புதுசு மாதிரி ஆக்கிவிட்டார். ஓட்டிப் பார்க்க வேண்டுமே? அங்கேதான் சிக்கல். மனுஷனுக்கு ஏணியில் நாலு படி ஏறினாலே தலை சுற்றும். "நீதான் பஸ்ஸே ஓட்டறியே" என்றார். அவள் போய் முறையாகப் படித்தாள், லைசென்ஸ் வாங்கினாள், பிறகு சொல்லிக்கொடுக்கவும் படித்தாள். தகரக் கூரை போட்ட ஷெட், புல் வெட்டிய ஓடுபாதை, அதையொட்டி யார் யாருடைய வயல்களோ. அவள் உலகம் அதுதான்.

அங்கே சட்டங்கள் கொஞ்சம்தான், ஆனால் இரும்பு. ஷெட் வாசலில் மேஜை மேல் ஓர் அலுமினியத் தட்டு இருக்கும். வண்டியில் ஏறுகிறவர் யாராக இருந்தாலும் பாக்கெட்டில் உள்ளதையெல்லாம் அதில் கொட்ட வேண்டும். சாவி, சில்லறை, போன், சீப்பு, எல்லாம். பின் விசிறி முதுகுக்குப் பின்னால் இருக்கிறதல்லவா? இந்த வண்டியில் நழுவுகிற சாமான் கீழே விழாது, நேரே பின்னால் போய் விசிறியில்தான் விழும். கொட்டியது போதாதென்று அவள் ஒவ்வொரு பாக்கெட்டையும் தொட்டுப் பார்ப்பாள். "ஜெயில்ல கூட இப்படித் தடவ மாட்டாங்க" என்று கேலி செய்வார்கள். "ஜெயில்ல பின்னாடி விசிறி இல்லையே" என்பாள்.

தரையிலும் உயிர் போகும் என்பது அவளுடைய அடுத்த பாடம். அவளிடம் படித்த ஒரு பல் டாக்டர், மேல் விசிறி போதிய வேகம் எடுப்பதற்குள் அவசரப்பட்டு முழு வேகம் கொடுத்துவிட்டார். விசிறி தடதடவென்று அடித்துக்கொண்டு வண்டியையே உலுக்கி எடுத்தது. அவள் வேகத்தைக் குறைத்து, ஸ்டிக்கை முன்னால் சாய்த்து, மெள்ள நிறுத்தினாள். நின்றதும் டாக்டர் பெல்ட்டை அவிழ்த்துக் குதிக்கப் போனார். பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்தாள். "மேல சுத்தறது நிக்கற வரைக்கும் நீங்களும் இந்த வண்டியில ஒரு பாகம் டாக்டர்." வேகம் குறையக் குறைய விசிறி தொங்கும். முன்பக்கம் வந்தால் தலை உயரத்துக்கு இறங்கும். நாலு பேர் பல்லைப் பிடுங்கிய கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார்.

இப்படிப்பட்டவளிடம்தான் அவளுடைய அண்ணன் வந்து சேர்ந்தார்.

அவர் விமானி. காலமெல்லாம் சரக்கு விமானம் ஓட்டியவர். எல்லோரும் அவரைக் கேப்டன் என்பார்கள், அண்ணி உள்பட. அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டதால் சும்மாக்காவை வளர்த்தது அவர்தான். படிப்பை நிறுத்திவிட்டு பஸ் ஓட்டப் போகிறேன் என்று அவள் சொன்னபோது சொந்தபந்தமெல்லாம் தாம்தூம் என்று குதித்தது. அவர் ஒருவர்தான், "ஓட்டட்டும், என்ன குடி முழுகிப் போச்சு" என்றார். மெக்கானிக்கைக் கட்டிக்கொள்கிறேன் என்றபோதும் அதே பேச்சு. வேண்டாம் என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. ஜைரோவை மட்டும் கிண்டல் செய்வார், "நாற்காலிக்கு விசிறி கட்டி வெச்சிருக்கீங்க" என்று.

வயதாகிவிட்டது என்று அவரை வேலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன்பின் அண்ணி அடிக்கடி போன் செய்தாள். "வீட்ல மனுஷி குடியிருக்க முடியல. நான் அடுப்பைப் பத்த வெச்சா பின்னாடியே வந்து நின்னு, கேஸ் செக், லைட்டர் செக்ங்கறாரு. அப்புறம் ஜன்னல்கிட்ட போய் உக்காந்துட்டார்னா பொழுது சாயற வரைக்கும் பேச்சே கிடையாது. நீ கொஞ்சம் கூப்பிட்டுக்கோயேன்."

கூப்பிட்டாள். வந்தவர் முதல் தடவை பறந்து இறங்கும்போது முகமே மாறியிருந்தது. "சின்னவளே, முகத்துல காத்தடிக்குது. இத்தனை வருஷமா கண்ணாடிக்குப் பின்னாடிதானே உக்காந்திருந்தேன்" என்றார். மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும். அண்ணி போனில் அழுதாள், சந்தோஷத்தில்.

அவர் அழகாகத்தான் ஓட்டினார். திருப்பம், இறக்கம், காற்றைக் கணிக்கிறது எல்லாம் சுத்தம். ஒன்றே ஒன்றுதான் கோளாறு. விமானத்தில் மூக்கு தூக்கி வேகம் செத்தால் ஸ்டிக்கை முன்னால் தள்ள வேண்டும், தள்ளினால்தான் பிழைப்பு. ஆயுசு முழுக்க அதைச் செய்து செய்து அவர் கைக்கு அது மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது. ஜைரோவில் அது எமன். அவருக்கு இது தெரியாதா என்ன? கேட்டால் மணிமணியாகச் சொல்வார். ஆனால் அவள் சொல்லாமல் கொள்ளாமல் திடீரென்று த்ராட்டிலைக் குறைத்தால், மூளைக்குச் சேதி போவதற்குள் கை தள்ளிவிடும். பின் சீட்டிலும் ஒரு ஸ்டிக் உண்டு. முன்னது அசைந்தால் பின்னதும் அசையும். அதன் முன்னால் அவள் தன் கையைச் சுவர் மாதிரி வைத்துக்கொண்டேதான் உட்கார்ந்திருப்பாள். இப்படியே பழகிப் பழகி, அந்தத் தள்ளல் ஒரு சின்னத் துடிப்பாகக் குறைந்தது.

"ரொம்பக் குறைஞ்சிருச்சு" என்று ஒரு மத்தியானம் புருஷனிடம் சொன்னாள். அவர் ஒரு போல்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். "குறைஞ்சிருச்சுன்னா இன்னும் இருக்குன்னுதானே அர்த்தம்" என்றார். அவளுக்குச் சுருக்கென்றது. "எங்கண்ணன் உங்களுக்கு என்ன பண்ணாரு?" என்று எகிறினாள். அவர் அடுத்த போல்ட்டை எடுத்துத் துடைத்தார். பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

தனியாகப் பறக்க எப்போது விடுவாய் என்று அண்ணன் கேட்க ஆரம்பித்தார். முதலில் சிரித்துக்கொண்டு, அப்புறம் சிரிக்காமல். அண்ணியும் கேட்டாள். அவள் இன்று நாளை என்று தட்டிக்கழித்தாள். வேறு ஆளாக இருந்தால், "இன்னும் கை படியல, போய்ட்டு வாங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருப்பாள். சொன்னதும் உண்டு, பெரிய பெரிய ஆட்களிடமெல்லாம். அண்ணனிடம் நாக்கு எழவில்லை. அவர் மறுபடியும் அந்த ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிட்டால்? கடைசியில் ஒருநாள் தலையை ஆட்டிவிட்டாள். சேர்ந்து ஒரு சுற்று வருவது, பிறகு அவள் இறங்கிக்கொள்வது, அவர் தனியாகப் போவது. இதுதான் ஏற்பாடு.

அன்றைக்குக் குடும்பமே வந்து இறங்கியது. அண்ணி, மகள், மருமகன். மருமகன் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டே வந்தான். அண்ணி வாங்கிக்கொடுத்த புது ஜாக்கெட்டில் அண்ணன் மாப்பிள்ளை மாதிரி இருந்தார். மேஜை பக்கத்தில் வந்ததும் சும்மாக்கா தட்டை நகர்த்தினாள்.

"மாமா, உங்களையே செக் பண்றாங்க போலிருக்கே" என்றான் மருமகன்.

அண்ணன் சிரித்தார். கைக்குட்டையை எடுத்து வைத்தார், சாவியை எடுத்து வைத்தார். "போதுமா? இல்ல, மாப்பிள்ளை முன்னாடியே கேப்டனத் தடவிப் பாக்கப் போறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். போகட்டும், பெரிய மனுஷர், பெற்ற பெண்ணும் மருமகனும் நிற்கிறார்கள், எதற்கு வீணாக என்று தோன்றிவிட்டது. தட்டு வைத்த நாள்முதலாக, பாக்கெட்டைத் தொட்டுப் பார்க்காமல் அவள் ஒருவரை வண்டியில் ஏற்றியது அதுதான் முதல் தடவை.

அண்ணன் முன் சீட்டில், அவள் பின் சீட்டில். வண்டி ஓடியது, எழும்பியது. ஓடுபாதையின் முனையில் திரும்பி, ஷெட்டுக்கு இணையாகப் பறந்து வந்தார்கள். கீழே மூன்று தலைகள் தெரிந்தன. மெக்கானிக் தனியாக, கழுத்தை வளைத்துச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"அதோ உங்க அண்ணி" என்று சொல்லி, அண்ணன் இடது கையைத் தூக்கி ஆட்டினார்.

அந்தப் புது ஜாக்கெட்டில் கைப்பக்கம் ஒரு சின்னப் பாக்கெட். அதில் ஒரு ஸ்டீல் பேனா. விமானிகள் சட்டையின் கையில் பேனா செருகுவது வழக்கம். அவருக்கு அது உடம்போடு ஒட்டிக்கொண்ட பழக்கம், செருகியது அவருக்கே தெரியாது. அவள் காதோரமாக ஏதோ ஒன்று பளிச்சென்று போனதுதான் அவளுக்குத் தெரியும். பின்னால் படீரென்று ஒரு சத்தம். அடுத்த கணம் வண்டி உதறியது. பல்லோடு பல் அடிக்கிற உதறல். முன்னாலிருந்த மீட்டர்களில் ஒரு முள்ளும் கண்ணுக்குத் தெரியவில்லை. பின் விசிறியில் ஒரு துண்டு போய்விட்டது, இப்படியே விட்டால் என்ஜின் பிய்த்துக்கொண்டு போகும் என்று அவளுக்குப் புரிந்தது. பின் சீட்டுக்கென்று புருஷன் மாட்டிக் கொடுத்திருந்த ஸ்விட்சைத் தட்டி என்ஜினை நிறுத்தினாள்.

சத்தம் அற்றுப் போனது. மேல் விசிறி காற்றை வெட்டுகிற ஒலி மட்டும். தள்ளுகிற விசை போனதும் மூக்கு லேசாகத் தூக்கியது.

அண்ணன் கை தள்ளியது.

துடிப்பு இல்லை அது. முழுத் தள்ளல், ஆயுசு முழுக்கத் தள்ளிய அத்தனை பலமும் அதில் இருந்தது. சுவர் மாதிரி வைத்திருந்த அவள் கை தாங்கவில்லை. வயிறு மிதந்தது. பெல்ட் தோளில் தளர்ந்தது. தலைக்கு மேலே ஒலி மெலிந்ததை அவள் கேட்டாள். இரண்டு கைகளாலும் ஸ்டிக்கைப் பிடித்துத் தடுத்தாள். ஒரே கம்பியின் இரண்டு முனையில் அண்ணனும் தங்கையும். பலத்தில் அவரை அவளால் ஜெயிக்க முடியாது.

"அண்ணா, கையை எடுங்க."

கத்தவில்லை. பல் டாக்டரிடம் சொல்வது போலத்தான் சொன்னாள்.

எடுத்துவிட்டார். இரண்டு கைகளையும் தூக்கி, அப்படியே முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். ஸ்டிக் அவளிடம் வந்தது. மெள்ளப் பின்னுக்குக் கொண்டுவந்தாள், உடம்பில் எடை திரும்பியது, மேலே அந்த ஒலியும் திரும்பியது. அதைக் கேட்டபோது அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஓடுபாதைக்குத் திரும்ப உயரம் போதாது. காற்றுக்கு எதிராக, அறுவடை முடிந்த வயல் ஒன்று தெரிந்தது. மெள்ள மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்றிக்கொண்டு இறங்கினாள். தரை மேலே ஏறி ஏறி வந்தது. அறுத்த நெல் தாளின் நுனிகள் தனித்தனியாகத் தெரிகிறபோது ஸ்டிக்கை இழுத்தாள். வண்டி ஒரு பெருமூச்சு விட்டு, ஒரு கட்டில் நீளம் உருண்டு நின்றுவிட்டது.

வரப்பைத் தாண்டி அண்ணி ஓடி வந்தாள், பின்னாலேயே மகளும் மருமகனும். நேரே முன்பக்கமாக வந்தார்கள். மேல் விசிறி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. தளர்ந்து, தொங்கி, முன்னால் தலை உயரத்துக்கு இறங்கி இறங்கி வந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் கையை உயர்த்தினார். "அங்கயே நில்லு. யாரும் கிட்ட வராதீங்க." கேப்டன் குரல். மூன்று பேரும் ஆணி அடித்தது போல நின்றார்கள். விசிறி ஓய்ந்து நிற்கும்வரை அவரும் பெல்ட்டை அவிழ்க்கவில்லை. அவளுக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார்கள். உடைந்த விசிறியின் பிளவுக்குள்ளிருந்து மெக்கானிக் எதையோ குறடால் பிடுங்கி எடுத்தார். பேனாவின் கிளிப். அதை அலுமினியத் தட்டில் போட்டார். டங் என்றது.

அண்ணனுக்கோ தலைகால் புரியவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "என்ஜின் போச்சு, விசிறி போச்சு, ஆனா கையை எடுன்னா பாரு, உடனே எடுத்துட்டேன். அதுதான் பரீட்சை." மெக்கானிக் பக்கம் திரும்பினார். "மாப்ள, புது விசிறி எப்போ வரும்? வந்த அன்னிக்கே தனியாப் போறேன்."

அவள் அவரை ஷெட்டின் பின்புறம் அழைத்துப் போனாள். அங்கே ஒரு டயர் கிடந்தது, அதில் அவரை உட்கார வைத்தாள். தானும் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"அண்ணா, பாக்கெட்டத் தொட்டுப் பாக்காம விட்டது நான். உங்களுக்கு மரியாதை குறையுமேன்னு விட்டேன். அந்தத் தப்பு என்னோடது."

"அட, அதை விடு."

"விட முடியாது. அந்தப் பேனா இன்னும் ஒரு சுத்து பொறுத்து நழுவியிருந்தா நான் பின் சீட்ல இல்ல. கீழ, அண்ணி பக்கத்துல நின்னுட்டிருப்பேன்."

"நானே கையை எடுத்திருப்பேன்."

"யார் சொல்லி?"

அவர் புது ஜாக்கெட்டின் கைப்பக்கப் பாக்கெட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"தனியா வேண்டாம்ணா. இப்போன்னு இல்ல, எப்பவுமே வேண்டாம்" என்றாள்.

அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "நான் உனக்கு ஒரு தடவையாவது வேண்டாம்னு சொல்லியிருக்கேனா?"

"இல்ல."

"பஸ் ஓட்டறேன்னியே, அன்னிக்கு?"

"அது பஸ்ஸுண்ணா. தப்பு பண்ணா ஓரமா நிறுத்திக்கலாம். இதை எங்க நிறுத்துவீங்க?"

எழுந்து போய்விட்டார். போகும்போது தட்டிலிருந்த சாவியை எடுத்தார், கைக்குட்டையை மறந்துவிட்டார். அண்ணி காரில் ஏறும்போது இவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் பேச்சுவார்த்தை இல்லை. இவள் போன் செய்தால் அண்ணி எடுப்பாள். "ஜன்னல்கிட்ட இருக்காரு" என்பாள், அவ்வளவுதான். புது விசிறி வந்தது, மாட்டியாகிவிட்டது. வகுப்புகள் நடந்தன. இப்போது பாக்கெட் சோதனையில் யாருக்கும் சலுகை கிடையாது. சோதனை பண்ண வந்த ஆபீசரையே அவள் சோதனை பண்ணினாள். வெளியே எப்போதும் போல இருந்தாள், உள்ளுக்குள் மட்டும் குடைந்துகொண்டே இருந்தது. நான் செய்தது சரிதான் என்று தெரிந்தும் மனசு ஆறாத சங்கடம் இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். "நான் பண்ணது சரிதானே?" என்று புருஷனிடம் கேட்பாள். "சரிதான்" என்பார். சற்று நேரம் கழித்து மறுபடி கேட்பாள். அவரும் சலிக்காமல் அதையே சொல்வார்.

ஒருநாள் காலையில் அவள் ஷெட்டுக்கு வந்தபோது அண்ணனின் கார் நின்றது. உள்ளே அண்ணனும் அவள் புருஷனும் வண்டியின் இரண்டு பக்கமும் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் கையில் ஸ்பானர். அவளைக் கண்டதும் எழுந்து, மேஜைக்கு வந்தார். தட்டில் சாவி இருந்தது, போன் இருந்தது, மூக்குக்கண்ணாடி டப்பா இருந்தது. அவற்றோடு, வண்டியிலிருந்து கழற்றி எடுத்துவந்த ஒரு கம்பியையும் வைத்தார். பின் சீட்டின் ஸ்டிக். சவாரிக்கு ஆள் ஏற்றும்போது மட்டும் கழற்றி வைப்பது வழக்கம்.

"மச்சானேதான் கழட்டினாரு" என்றார் மெக்கானிக்.

"பின் சீட்ல நான் உக்காந்துக்கறேன். சவாரி வந்த ஆள் மாதிரி" என்றார் அண்ணன். அவள் முகத்தைப் பார்க்காமல் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார். "பாக்கெட்டப் பாத்துக்கோ. கைப்பக்கமும் பாரு."

பார்த்தாள். ஒன்று விடாமல் எல்லாப் பாக்கெட்டையும் தொட்டுப் பார்த்தாள்.

மேலே போனார்கள். வெயில் இன்னும் ஏறவில்லை, காற்று அசையாமல் கிடந்தது. முன் சீட்டின் ஓரத்தில், பின்னால் இருப்பவரைப் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதில் அவர் முகத்தையும், முழங்கால் மேல் வைத்திருந்த கைகளையும் அவள் அடிக்கடி பார்த்துக்கொண்டாள்.

"சின்னவளே" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "என்ஜின ஒரு தடவை குறைச்சுக் காட்டேன். சொல்லாமக் குறை."

அவள் ஓடுபாதை கைக்கெட்டுகிற தூரத்தில் வரும்வரை காத்திருந்தாள். அவர் ஏதோ ஒரு தோப்பை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் த்ராட்டிலைக் குறைத்தாள். சத்தம் அடங்கியது, மூக்கு லேசாகத் தூக்கியது. அவள் கண்ணாடியைப் பார்த்தாள்.

அண்ணனின் வலது கை முழங்காலை விட்டு எழுந்து, எதுவுமே இல்லாத வெற்றிடத்தில், முழுப் பலத்தோடு முன்னால் தள்ளியது.

தள்ளிய இடத்திலேயே அது நின்றது. அவர் குனிந்து அந்தக் கையைப் பார்த்தார், யாரோ வேறு ஒருவருடைய கையைப் பார்ப்பது போல. பிறகு இடது கையால் அதைப் பிடித்துக் கொண்டுவந்து முழங்கால் மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.

"தனியா இருந்தா போயிருப்பேன், இல்ல?" என்றார்.

"ஆமாண்ணா."

ஓடுபாதை கீழே வந்துகொண்டிருந்தது. அவள் ஸ்டிக்கை இழுக்கத் தயாரானாள்.